கடலடியில் ஒரு பிளக் பாயின்ட்

வாசகர் கேள்வி – பதில்

கரையிலிருந்து கடல் தரைக்கு ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் மின்சாரமும் இன்டர்நெட்டும் கிடைக்கிற ஒரு பெட்டியை (இதுதான் நோடு) வைத்து, சென்சார்களை அதில் சொருகிவிட்டால் இருபது, இருபத்தைந்து வருடம் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்தக் கடலடிக் கேபிள் நிலையங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சின்னக் குறிப்புதான் போட்டோம். அதற்கு வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் கொடுத்துவிட்டோம்.

வங்கக் கடலில் ஏற்கெனவே மிதவைகள் இருக்கின்றன. சாட்டிலைட் வழியே தகவலும் வருகிறது. அப்புறம் எதற்குக் கோடிகளைக் கொட்டிக் கேபிள்?
– கல்லூரி மாணவி, கிண்டி

மிதவையைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) நிறுத்தியிருக்கும் மிதவைகள் இல்லாவிட்டால், நடுக்கடலில் புயல் வலுக்கும்போது அங்கே காற்றும் நீரின் வெப்பமும் எப்படி இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. தகராறு பேட்டரியில்தான். மிதவைக்குக் கிடைப்பது சில வாட் மின்சாரம். சாட்டிலைட்டில் அனுப்ப முடிவதும் சில எண்கள்தான்.

ஒரு ஹைட்ரோஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கடியில் வேலை செய்யும் மைக் அது. திமிங்கலம், கப்பல், நிலநடுக்கம் எல்லாம் கேட்க வேண்டுமென்றால் வினாடிக்கு 1 லட்சம் முறை ஒலியை அளக்க வேண்டும், ஒவ்வொரு அளவும் 24 பிட். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 3 லட்சம் பைட், நாளொன்றுக்கு ஏறக்குறைய 26 ஜிகாபைட். ஒரே ஒரு மைக்குக்கு இவ்வளவு. பதிவுசெய்து பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறகு எடுக்கலாம்தான். 2014-ல் ஆர்க்டிக்கின் காங்ஸ்ஃபியார்டனில் இந்தியா இறக்கிய இண்டார்க் என்ற கருவித் தொகுப்பு அந்த வகை. ஆனால் அப்படிப்பட்ட அமைப்பில் ஒரு சென்சார் இரண்டாம் மாதமே செத்துப்போனாலும், மேலே தூக்கும் நாளில்தான் தெரியவரும்.

கேபிள் இருந்தால் அன்றைக்கே தெரியும். அமெரிக்காவின் ஒரிகன் கரையிலிருந்து போகும் கேபிள் ஆக்ஸியல் என்ற கடலடி எரிமலையின் மேலேயே சென்சார்களை வைத்திருக்கிறது. 2015 ஏப்ரலில் அது வெடித்தபோது நிலம் நடுங்கியதையும் தரை இறங்கியதையும் கரையில் உட்கார்ந்தபடி பதிவு செய்தார்கள். கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் 800 கிலோமீட்டர் வளையமாக ஓடும் நெப்டியூன் 2009 முதல் இயங்குகிறது. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பான் எஸ்-நெட் என்ற பெயரில் 150 நிலையங்களைக் கேபிளில் கோத்துவிட்டது.

அதற்காக எல்லா இடத்துக்கும் கேபிள் கேட்கக்கூடாது. பரந்த கடலின் வானிலைக்கு மிதவை போதும். ஒரே இடத்தை, விடாமல், வினாடி வினாடியாகப் பார்க்க வேண்டிய காரணம் இருந்தால் மட்டும் கேபிள்.

கரையிலிருந்து 10 கிலோவோல்ட் டிசி அனுப்புகிறார்களாமே? சென்சாருக்கு வேண்டியது 48 வோல்ட். நேரடியாக 400 வோல்ட் அனுப்பினால் ஆபத்து குறையுமே? ஏசி ஏன் கூடாது?
– எலெக்ட்ரீஷியன், அம்பத்தூர்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தக் கேபிள்களில் செம்புக் கடத்தியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 1 ஓம். 100 கிலோமீட்டருக்கு 100 ஓம். கடலடியில் 10 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர். வழியில் விழுவது 100 வோல்ட், வீணாவது 100 வாட். அவ்வளவுதான். அதையே 400 வோல்ட்டில் அனுப்பினால் 25 ஆம்பியர் வேண்டும். 25-ஐ 100-ஆல் பெருக்கினால் 2,500 வோல்ட் வழியிலேயே விழ வேண்டும். இருப்பதே 400! என்ன செய்தாலும் அந்தக் கேபிளின் மறுமுனையில் 400 வாட்டுக்கு மேல் எடுக்கவே முடியாது. வோல்டேஜின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதுதான் உச்சவரம்பு.

அந்த உச்சவரம்புக்குப் பக்கத்தில் போவதும் ஆபத்து. கீழே வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் கன்வர்ட்டர் எப்படியாவது தன் வாட்டை எடுக்கப் பார்க்கும். வோல்டேஜ் இறங்கினால் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் வோல்டேஜ் மேலும் இறங்கும், கடைசியில் மொத்தமும் படுத்துவிடும். அதனால்தான் நோடுகளை ஒரே நேரத்தில் போடாமல் ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கிறார்கள்.

ஏசி கூடாது என்பதற்குக் காரணம், கேபிளே சார்ஜைத் தேக்கும் ஒரு நீளமான கெப்பாசிட்டர் என்பதுதான். நடுவில் செம்பு, சுற்றிப் பாலிஎத்திலீன், வெளியே கடல்நீர். கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று கொண்டால் 100 கிலோமீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட். 10 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதைச் சார்ஜ் செய்யவே 60 ஆம்பியருக்கு மேல் போகும். லோடு எதுவும் மாட்டாமலே.

டிசியிலும் அந்தக் கெப்பாசிட்டர் போய்விடவில்லை என்பதை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது. 20 மைக்ரோஃபாரட்டில் 10 கிலோவோல்ட் என்றால் 1,000 ஜூல் தேங்கி நிற்கும். நின்ற இதயத்தை உசுப்ப மருத்துவமனையில் கொடுக்கும் ஷாக் அதிகபட்சம் 360 ஜூல். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டோம் என்று கேபிள் முனையைத் தொட்டால் முடிந்தது கதை. ரெசிஸ்டர் வழியே டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்து, எர்த் கம்பியை மாட்டி, அது மாட்டியபடியே இருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும். எர்த்தைச் சீக்கிரம் கழற்றினால் இன்சுலேஷனுக்குள் ஊறிய சார்ஜ் மறுபடி மேலே ஏறிவரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கேபிளில் கடத்தி ஒன்றுதான். கரண்ட் திரும்பி வரும் பாதை கடல். கரையில் ஒரு எலெக்ட்ரோடு, கடலடியில் ஒரு எலெக்ட்ரோடு. அம்பத்தூர்ப் பக்கம் நிக்கல் பிளேட்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், பாசிட்டிவ் பக்கம் இருக்கும் உலோகம் கரைந்துபோகும். இங்கேயும் அதே விதிதான். அதனால் கேபிளுக்கு மைனஸ் 10 கிலோவோல்ட் கொடுத்து, கரையும் பக்கம் கரையிலேயே இருக்கும்படி அமைக்கிறார்கள். கரையில் கரைந்தால் வேனில் போய் மாற்றலாம், 3,000 மீட்டர் ஆழத்தில் கரைந்தால் கப்பல் வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: கேபிளின் உறையில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும், மைனஸில் இருக்கும் செம்பு அரித்துத் துண்டாகிவிடாது.

எங்கள் கல்லூரிக் குழு 12 மீட்டர் ஆழத்தில், 2 கிலோமீட்டர் கேபிளில் ஒரு சோதனை நோடு வைக்கத் திட்டமிடுகிறது. அலுமினியப் பெட்டி, ஸ்டெயின்லெஸ் போல்ட், ரப்பர் வார்ப்புக் கனெக்டர், 48 வோல்ட், ஈத்தர்நெட். எதில் உஷாராக இருக்க வேண்டும்?
– இயந்திரவியல் மாணவர்கள், பழைய மகாபலிபுரம் சாலை

நீங்கள் எழுதிய ஐந்திலுமே.

முதலில் சுலபமானவை. செம்புக் கம்பியில் ஈத்தர்நெட் 100 மீட்டர்தான் ஓடும். ஃபைபர் போடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம், போக வர 4 கிலோமீட்டருக்கு 48 ஓம். மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால் 48 வோல்ட்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது வெறும் 12 வாட். 300–400 வோல்ட் டிசி அனுப்பிக் கீழே குறையுங்கள். கரையில் இன்சுலேஷன் கசிவைக் கண்காணிக்கும் ரிலே கட்டாயம்.

அடுத்து உலோகம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரிதான், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். போல்ட்டுக்குப் பிளாஸ்டிக் ஸ்லீவும் வாஷரும் போட்டுத் தனிமைப்படுத்துங்கள். "அப்படியானால் முழுக்க 316 ரக ஸ்டெயின்லெஸில் செய்துவிடலாமே" என்று தோன்றும். நம் கடல் 28, 30 டிகிரி. அந்த வெதுவெதுப்பில் 316, மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில்தான் முதலில் குழி விழும். வெளியே பளபளவென்று இருக்கும், சீல் உட்காரும் இடம் மட்டும் பொத்தலாகியிருக்கும். டைட்டானியத்துக்குக் காசில்லை என்றால், இந்த ஆழத்துக்குத் தடித்த அசிட்டால் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. என்ன, வெப்பம் வெளியேறாது. கன்வர்ட்டரை ஓர் உலோக மூடியில் ஒட்டி வையுங்கள்.

அலுமினியத்தைக் காப்பாற்றத் துத்தநாகக் கட்டி மாட்டுவது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பலர் இங்கேதான் விழுகிறார்கள். துத்தநாகம் காப்பாற்றும் உலோகத்தின் மேல் காரத்தன்மை உண்டாகும். ரப்பர் வார்ப்புக் கனெக்டரின் உலோக உடலும் அந்தச் சுற்றில் இருந்தால், ரப்பரை உலோகத்தோடு பிடித்திருக்கும் பசையை அந்தக் காரம் மெல்ல உரித்துவிடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, எந்தக் கீறலும் இல்லாத கனெக்டருக்குள் தண்ணீர் நிற்கும். உடல் முழுக்கப் பிளாஸ்டிக்காக உள்ள கனெக்டர் வாங்குங்கள், இல்லையேல் அதைப் பெட்டியிலிருந்து மின்சார ரீதியாகப் பிரித்துவிடுங்கள்.

இப்போது மூடும் வேலை. பெட்டிக்குள் 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள சென்னைக் காற்றை வைத்து மூடினால், ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீரையும் சேர்த்து மூடுகிறீர்கள். 10 லிட்டர் பெட்டியில் கால் கிராம், ஐந்தாறு சொட்டு. கடல்நீர் குளிர்ந்தால் அந்த ஈரம் உள்ளேயிருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போர்டின் மேல்தான் பனிக்கும். ஏசி அறையில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் போடுங்கள், முடிந்தால் உலர் நைட்ரஜன் ஊதுங்கள்.

ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். விரல் நுனியில் கிரீஸ் எடுத்து, ரிங் ஈரமாக மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அள்ளி அப்பினால் மணல் ஒட்டும், சீலும் சரியாக உட்காராது. ரிங்கை விரல்களுக்கிடையே சுற்றிவரத் தடவிப் பாருங்கள், பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு தலைமுடி போதும், பெட்டி மூழ்கிவிடும். இதில் மிகை எதுவும் இல்லை.

மூடியதும் வால்வு வழியே காற்றை உறிஞ்சி உள்ளே 700 மில்லிபாருக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் பாருங்கள். ஒன்று கவனம்: ஏசி அறையில் 25 டிகிரியில் அளந்துவிட்டு வெயிலில் 40 டிகிரிக்குக் கொண்டுபோனால், கசிவே இல்லாமல் 35 மில்லிபார் ஏறும். லீக் என்று நினைத்து நல்ல சீலைப் பிரித்துவிடாதீர்கள். எண்ணோடு வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளே ஓர் அழுத்த சென்சார் நிரந்தரமாக இருந்தால் இந்தச் சோதனை படகின் மேலும் தொடரும். பிறகு, பயன்படுத்தும் ஆழத்தைவிட ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர்த் தொட்டிச் சோதனை.

கனெக்டரைச் சொருகும்போது சிலிக்கான் கிரீஸ் சிறிதளவு, நேராகத் தள்ளல், நேராக இழுத்தல். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியும். கரண்ட் இருக்கும்போது சொருகவோ பிடுங்கவோ கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் 12 மீட்டர் ஆழத்தில் கொட்டலசு (எதன் மேலும் ஓட்டோடு ஒட்டி வளரும் பார்னக்கிள்) உங்களைத் தேடிவரும். வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள ஆழம் அது. கேமரா கண்ணாடி சில வாரத்திலேயே பாசி பிடிக்கும். சென்சார் முகத்தைச் சுற்றிச் செம்புத் தகடு (அலுமினியத்தைத் தொடாமல்), கண்ணாடிக்குப் புற ஊதா எல்.இ.டி., மாதம் ஒருமுறை முங்குபவர் கையால் ஒரு தேய்ப்பு. இதற்குப் பட்ஜெட் போடாத திட்டம் மூன்றாம் மாதத்தில் கொட்டலசு வளர்ப்புத் திட்டமாகிவிடும்.

3,000 மீட்டர் ஆழத்தில் நோடு பழுதானால் யார் போய்ச் சரிசெய்வார்கள்?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், அண்ணா நகர்

ஆர்.ஓ.வி., அதாவது கப்பலிலிருந்து இயக்கும், இயந்திரக் கை பொருத்திய ஆளில்லா நீர்மூழ்கி. 3,000 மீட்டரில் அழுத்தம் 300 பார், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 300 கிலோ. அங்கே சொருகிப் பிடுங்கவென்றே செய்த ஈரக் கனெக்டர்கள் இருக்கின்றன. பின்னும் துளையும் எண்ணெய் நிரம்பிய அறைக்குள் இருக்கும். உள்ளே நுழையும் பின்னை ரப்பர் உதடுகள் துடைத்துவிட, கடல்நீர் வெளியிலேயே நின்றுவிடும். நூறு தடவை சொருகலாம் என்பது வழக்கமான வரம்பு. சேறு உள்ளே போனால் அதற்கு முன்பே போய்விடும்.

நோடை வடிவமைப்பவர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்விதான்: எதைத் தூக்க எந்தக் கப்பல் வேண்டும்? கேபிள் 25 வருடம் உழைக்கும், சென்சார் ஒன்றிரண்டு வருடத்தில் பராமரிப்புக் கேட்கும். இரண்டையும் ஒன்றாக இறுக்கினால் சென்சாருக்காகக் கேபிளைத் தூக்க நேரும். அதனால் கேபிள் முனை ஒரு சட்டகத்தில் நிரந்தரமாக இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி அதில் உட்கார்ந்து தனியாக எழுந்து வரும். சென்சார்கள் அதிலிருந்து சில மீட்டர் தள்ளி, தனித்தனிக் கனெக்டரில். ஒவ்வொரு போர்ட்டையும் கரையிலிருந்தே அணைக்கலாம். ஒரு சென்சாரில் தண்ணீர் புகுந்தால் அந்த ஒன்றோடு போகும். ஜப்பானின் எஸ்-நெட் வேறு வழியில் போனது. சென்சார்களைக் கேபிளோடேயே கோத்து, மாற்ற முடியாதபடி, ஆனால் சொருகுமிடமே இல்லாதபடி செய்தார்கள். எச்சரிக்கை ஒன்றே வேலை என்றால் அதுவும் சரியான முடிவுதான்.

சொருகுமிடம் எவ்வளவு வம்பு என்பதற்கு கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா நிலையம் சாட்சி. 52 கிலோமீட்டர் கேபிள், 891 மீட்டர் ஆழம். 2008 பிப்ரவரியில் நோடை இறக்கிக் கரண்ட் கொடுத்த சற்று நேரத்திலேயே ஒரு மின் கனெக்டர் கசிந்துவிட்டது. மேலே தூக்கி, சரிசெய்து, மறுபடி இறக்கி வேலை தொடங்கியது நவம்பரில்.

கேபிளே அறுந்தால் உங்கள் பழைய துறை வேலைதான். கரையிலிருந்து 1 ஆம்பியர் அனுப்பி வோல்டேஜ் பார்ப்பது. கிலோமீட்டருக்கு 1 ஓம் என்றால், 43 வோல்ட் விழுந்தால் சுமார் 43-வது கிலோமீட்டரில் கடலைத் தொடுகிறது. ஃபைபரில் ஒளித்துடிப்பு அனுப்பியும் சரிபார்க்கலாம். பிறகு கப்பல், கொக்கி. இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து ஒட்ட வேண்டும் என்பதால் ஆழத்தின் இரு மடங்குக்கும் அதிகமாக உபரிக் கேபிள் கையில் இருக்க வேண்டும்.

சென்னை–அந்தமான் கேபிள் ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே சென்சாரை மாட்டினால் என்ன?
– வாசகர், வேளச்சேரி

2020 ஆகஸ்டில் திறந்த அந்தக் கேபிள் 2,300 கிலோமீட்டர், தொலைத்தொடர்புக்கென்றே போட்டது. போட்டு முடித்த கேபிளை வெட்டிச் சென்சார் மாட்ட எந்த நிறுவனமும் ஒப்பாது. ஓய்வுபெற்ற கேபிள் என்றால் கதை வேறு: ஹவாயின் அலோஹா நிலையம் 2011 முதல் 4,728 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய டெலிபோன் கேபிளின் முனையில்தான் நிற்கிறது. புதிதாகப் போடும் கேபிள்களில் வழிநெடுக ஒளியை வலுப்படுத்தும் ரிப்பீட்டரிலேயே அழுத்தம், வெப்பம், அதிர்வு அளக்கும் சென்சாரைச் சேர்க்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகள் 2012 முதல் சொல்லிவருகின்றன. சும்மா கிடக்கும் ஃபைபரையே அதிர்வுமானியாக்கும் முறையும் உண்டு. ஆனால் அது முதல் ரிப்பீட்டர் வரைதான், அங்கிருந்து ஒளி திரும்பி வராது.

சென்சார் காட்டுவது கடலின் மாற்றமா, சென்சாரின் வயதா என்று எப்படித் தெரியும்?
– இயற்பியல் ஆசிரியை, தாம்பரம்

நல்ல கேள்வி. ஆழ்கடலில் சுனாமி சில சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். 3,000 மீட்டர் நீரின் எடைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரைப் பிரித்துக் காட்டும் குவார்ட்ஸ் சென்சார்கள் இருக்கின்றன. சுனாமி நிமிடக்கணக்கில் வந்துபோவதால் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் தரை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் எழுகிறதா என்று கேட்டால், சென்சாரே அந்த அளவுக்கு நழுவும். அதனால் ஒரு வால்வை வைத்து அவ்வப்போது கடலை மூடி, பெட்டிக்குள் இருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைச் சென்சாருக்குக் காட்டுகிறார்கள். அதைப் பக்கத்திலிருக்கும் பாரோமீட்டர் அளந்து சொல்லும். இரண்டுக்குமான வித்தியாசம் நாளாக ஆக மாறினால் அது சென்சாரின் வயது. தராசில் எடையை எடுத்துவிட்டு முள் பூஜ்ஜியத்துக்கு வருகிறதா என்று கடைக்காரர் பார்ப்பதுபோல.

உப்பளவுக்கு வேறு தந்திரம். கடத்தும் குழாய்க்குள் உயிர்கள் ஒட்டினால் இடம் குறுகி, உப்பு குறைந்ததாகவே காட்டும், கூடியதாக அல்ல. எனவே உப்பு மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். கப்பல் வரும்போது பக்கத்தில் இன்னொரு கருவியை இறக்கி ஒப்பிடுவது கட்டாயம்.

சுறா கடித்துக் கேபிள் அறுந்துவிடும் என்கிறார்களே?
– பள்ளி மாணவன், மயிலாப்பூர்

கடித்ததுண்டு தம்பி. ஆனால் பழுதுகளில் பெரும்பங்கு மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். சுறாவின் மேல் பழி போடுவது நமக்கு வசதி.

எங்க தொழில் பண்ற இடத்துல கேபிள் போட்டா வலை மாட்டிக்கும். அதுக்கு யார் பொறுப்பு? மாட்டினா என்ன செய்யணும்?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

ஐயா, உங்களைக் கேட்காமல் வழி குறித்த கேபிள் அதிக நாள் நிற்காது. டிராலர் போகும் ஆழம் வரை கேபிளை 1 முதல் 1.5 மீட்டர் சேற்றுக்கடியில் புதைப்பார்கள். கரையோரத்தில் இரட்டை இரும்புக் கவசம் போட்டு மணிக்கட்டுப் பருமன் இருக்கும், ஆழத்தில் கவசமில்லாமல் கட்டைவிரல் பருமன்தான். நோடைப் புதைக்க முடியாது. அதனால் இழுவலையை விரித்துப் பிடிக்கும் பலகையும் வலையும் ஏறிச் சறுக்கிப் போகும்படி சாய்ந்த சட்டகத்துக்குள் வைக்க வேண்டும், அதன் இடத்தை ஜிபிஎஸ் எண்ணாக உங்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை எப்போது நடக்கலாம் என்பதிலும் உங்கள் நாட்காட்டிதான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஜனவரி முதல் கடற்கரையில் ஆமை முட்டையிடும் காலம், மணலைத் தோண்டக்கூடாது. மிச்சமிருப்பதில் கரையோர வேலைக்குத் தோதானது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம், மே மாதப் புயல் வராதிருந்தால். கரையேற்றும் இடமும் வட சென்னையில் கடினம். துறைமுகத்துக்கு வடக்கே கடல் அரித்துக்கொண்டே வருகிறது, எண்ணூர், காட்டுப்பள்ளிக்கு வரும் கப்பல்கள் நங்கூரம் போடுவதும் அந்தப் பக்கம்தான். நகரத்துக்குத் தெற்கே, அலை உடையும் இடத்துக்கு அடியில் குழாய் துளைத்துக் கொண்டுவருவதுதான் எங்கள் கணிப்பில் சரி.

வலை மாட்டினால்: வின்ச்சை நிறுத்துங்கள். இன்ஜின் வேகத்தால் பிடுங்கப் பார்க்காதீர்கள், கேபிளோடு கவிழ்ந்த படகுகள் உண்டு. கேபிள் மேலே வந்துவிட்டால் தொடவோ வெட்டவோ வேண்டாம், உள்ளே 10,000 வோல்ட் இருக்கலாம். ஜிபிஎஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, வலையை இழுக்கும் வடத்தை அறுத்து வலையை அங்கேயே விட்டுவிடுங்கள், ஒரு மிதவை கட்டிவிட்டால் இன்னும் நல்லது. கடலோரக் காவல்படைக்கு 1554-ல் சொல்லுங்கள். வலை போன விவரத்தைப் படகின் பதிவேட்டில் நேரத்தோடு எழுதி, கரைக்கு வந்ததும் மீன்வளத் துறையில் மனுவாகக் கொடுங்கள். இழப்பீடு கேட்கும்போது அந்த நேரமும் அந்த ஜிபிஎஸ் எண்ணும்தான் பேசும்.